கதவணைத் தண்ணீரில் ஜிலேபி மட்டும்தான் மாட்டுகிறது, மற்ற மீன்களெல்லாம் எங்கே போயின?

அம்மாபேட்டையான் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். நான் கோவையில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் நெருஞ்சிப்பேட்டை பக்கம், காவிரிக் கரை. அப்பா முப்பத்தைந்து வருடமாகப் பரிசல் போட்டு மீன் பிடிக்கிறார். அவருக்கு முட்டிவலி வந்ததால் மார்ச் முழுக்க லீவு போட்டு அவருடன் நானும் விடியற்காலையில் ஆற்றுக்குப் போய்வந்தேன்.

விஷயம் இதுதான். பத்து கிலோ மீன் விழுந்தால் ஒன்பது கிலோ ஜிலேபி. மிச்சம் ஒரு கிலோவில் ஏதாவது ரோகு, ஒரு சாதா கெண்டை, அதிர்ஷ்டம் இருந்தால் நாலு கெளுத்தி. அப்பாவிடம் உங்கள் காலத்தில் என்னென்ன பிடித்தீர்கள் என்று கேட்டேன், வலையைப் பிரித்துக்கொண்டே விரல் விட்டுச் சொன்னார்: வெண்கெண்டை, கருமுழிக்கெண்டை, அரிஞ்சான், வாளை, ஆரால், உளுவை, விலாங்கு, நாட்டுக் கெளுத்தியில் இரண்டு மூன்று தினுசு. அதற்கப்புறம் கை விரல் போதவில்லை, நிறுத்திவிட்டார். இதில் பாதியை நான் கண்ணால் பார்த்ததே இல்லை.

தண்ணீர் மார்ச் கடைசியில் பச்சையாக இருந்தது, பெயின்ட் கரைத்தது போல. பிடித்த மீனை வீட்டில் சமைத்தால் மண் வாடை. கரையோரத்தில் ஒருநாள் மதியம் யாரோ வந்து பாட்டிலில் தண்ணீர் எடுத்துப் போனார்கள், கேட்டதற்கு "தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது, ஆக்சிஜன் நிறைய இருக்கிறது" என்றார்கள். அப்பா அதை நம்பத் தயாராக இல்லை. எனக்கும் குழப்பம்.

கேட்க வந்தது: தண்ணீர் கெட்டதால்தான் பழைய மீன்கள் போயினவா, இல்லை வேறு காரணமா? இந்த மீனைச் சாப்பிடலாமா? நானே தண்ணீரைச் சோதித்துப் பார்க்க வழி உண்டா? லேப் எல்லாம் வேண்டாம், கையில் செய்கிற மாதிரி ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

காவேரிக்கரை_கபாலி

இதில் குழம்ப என்ன இருக்கிறது. மேலே இருந்து சாக்கடையைக் கலந்து அனுப்புகிறார்கள், கீழே இருந்து நாமும் கலக்கிறோம். பெங்களூருக் கழிவு ஒரு பக்கம் என்றால் மேட்டூருக்குக் கீழே ஒவ்வொரு ஊர் ஓடையும் நேராக ஆற்றில்தான் விழுகிறது. சாக்கடையைச் சுத்தம் செய்தால் மீன் தானாக வரும். அவ்வளவுதான்.

கரையோரம்

கபாலி தம்பி சொன்னது பாதி உண்மை. மீதிப் பாதியை நான் சொல்கிறேன். மீன்வளம் சம்பந்தப்பட்ட வேலையில் ரொம்ப காலம் இருந்தேன், இப்போது ஓய்வு. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாபேட்டையான் தம்பி, உங்கள் அப்பா சொன்ன பட்டியலை இன்னொரு தடவை பாருங்கள். வெண்கெண்டை, கருமுழி, அரிஞ்சான் எல்லாமே ஓடுகிற தண்ணீரின் மீன்கள். புதுத் தண்ணீர் வந்ததும் எதிர்நீச்சல் போட்டு மேலே ஏறிப் போய், கரை தாண்டிப் பரவிய ஆழமில்லாத இடங்களில் முட்டை விடுகிறவை. இப்போது உங்கள் ஊரில் ஆறு ஓடுகிறதா? மேட்டூருக்கும் ஈரோட்டுக்கும் நடுவில் செக்கானூர், நெருஞ்சிப்பேட்டை, குதிரைக்கல்மேடு, ஊராட்சிக்கோட்டை, அப்புறம் சமயசங்கிலி, வெண்டிபாளையம் என்று வரிசையாகக் கதவணை. ஒவ்வொன்றும் 30 மெகாவாட் மின்சாரத்துக்காகத் தண்ணீரைத் தேக்கி வைக்கிறது. பாறைக்கு மேல் சலசலத்து ஓடிய ஆறு, ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டிய குளங்களாகிவிட்டது. மின்சாரம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை, என் வீட்டிலும் அதே மின்சாரத்தில்தான் ஃபேன் சுற்றுகிறது. ஆனால் கதவு மூடியிருக்கும்போது கெண்டை எப்படி மேலே ஏறும்?

இது புதுக் கதையும் இல்லை. 1836இல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தில் அணைகளைக் கட்டினார். கடலிலிருந்து முட்டையிட ஆற்றில் ஏறும் ஹில்சா மீன் அங்கே வந்து முட்டிக்கொண்டு நிற்பதை 1873இலேயே பிரான்சிஸ் டே என்ற வெள்ளைக்காரர் அரசுக்கு எழுதியிருக்கிறார். அந்த மீன்களை அணைக்கட்டு அடியிலேயே அள்ளிவிடுகிறார்கள் என்பதுதான் அவருடைய ஆதங்கம். 1934இல் மேட்டூர் அணையும் வந்த பிறகு கேட்கவே வேண்டாம். காவிரியில் ஹில்சா ஏறிவந்தது என்று இன்றைய பசங்களிடம் சொன்னால் சிரிப்பார்கள்.

ஆறு குளமானால் யாருக்குக் கொண்டாட்டம்? ஜிலேபிக்குத்தான். திலேப்பியா என்ற ஆப்பிரிக்க மீன் அது, 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டு மூன்று மாதத்திலேயே முட்டை விடத் தயாராகிவிடும், வருடத்துக்குப் பல தடவை விடும், விட்ட முட்டையைத் தாய் மீன் வாயிலேயே வைத்துப் பொரிக்கும். வெண்கெண்டை லட்சக்கணக்கில் முட்டை விட்டுவிட்டு அதன் பாட்டுக்குப் போய்விடும், அடுத்த நாள் கதவைத் திறந்தோ மூடியோ தண்ணீர் மட்டம் மாறினால் அத்தனையும் காய்ந்து போகும் அல்லது அடித்துக்கொண்டு போகும். ஜிலேபிக்கு அந்தக் கவலையே கிடையாது, பிள்ளை வாயில்தான் இருக்கிறது. பாசியைத் தின்னும், சாக்கடையைத் தின்னும், ஆக்சிஜன் லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்குப் போனாலும் மேலே வந்து வாயைத் திறந்து சமாளிக்கும்.

எனவே வலை நிறைய ஜிலேபி விழுகிறது என்பதை வைத்துத் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்றும் சொல்ல முடியாது, மோசம் என்றும் சொல்ல முடியாது. விழாத மீனைத்தான் கணக்கெடுக்க வேண்டும்.

இன்னொரு விஷயம், பலருக்குத் தெரியாது. நாம் "ஆத்து மீன்" என்று பெருமையாக வாங்குகிற கட்லா, ரோகு, மிர்கால் மூன்றுமே கங்கை மீன்கள். நாம்தான் குஞ்சு விட்டு வளர்த்தோம். சாதா கெண்டையும் புல் கெண்டையும் அதைவிடத் தூரத்திலிருந்து வந்தவை. மேட்டூர் நீர்த்தேக்கத்தில் ஆரம்ப காலத்தில் உள்ளூர்க் கெண்டைகள்தான் பிடிபட்டன, அப்புறம் மெல்ல மெல்ல வடநாட்டுக் கெண்டைகள் அந்த இடத்தைப் பிடித்தன.

இப்போது அந்தப் பாட்டில் தண்ணீர் விஷயம். பகலில் எடுத்தார்கள் என்றீர்கள் அல்லவா, அங்கேதான் கோளாறு. தண்ணீர் பச்சையாக இருந்தால் அதில் பாசி நிறைய இருக்கிறது. வெயில் இருக்கும்போது பாசி ஆக்சிஜனை வெளியே விடும், ராத்திரியில் அதே பாசி மூச்சுவிட்டு ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். 30 டிகிரி சூட்டில் தண்ணீரில் சாதாரணமாக லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரைந்து நிற்கும். பச்சைத் தண்ணீரில் மதியம் மூன்று மணிக்கு அளந்தால் பத்து, பன்னிரண்டுகூட வரலாம். எழுதிக்கொண்டு போனால் "அருமையான தண்ணீர்". அதே இடத்தில் விடியற்காலை ஐந்தரைக்கு அளந்தால் கதையே வேறு. மீன் செத்துப்போவது விடியற்காலையில்தான். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியக் கணக்குப்படி மீன் வளர்வதற்கான தண்ணீரில் ஆக்சிஜன் 4 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது, பிஎச் (தண்ணீரின் அமில, காரத் தன்மையின் அளவு) 6.5இலிருந்து 8.5க்குள் இருக்க வேண்டும், தனி அம்மோனியா 1.2 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. குளிக்கிற தண்ணீர் என்றால் ஆக்சிஜன் 5, பிஓடி (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் இழுக்கிற ஆக்சிஜன் அளவு) 3க்குள்.

பிஎச்சையும் விட்டுவிடாதீர்கள். பாசி அதிகமானால் மதியம் பிஎச் ஏறும், பிஎச் ஏறினால் சாக்கடையோடு வந்த அம்மோனியா விஷமாக மாறும் அளவும் ஏறும். 8இல் கொஞ்சமாக இருப்பது 9இல் பல மடங்காகிவிடும். பகலில் அம்மோனியா, ராத்திரியில் மூச்சுத் திணறல். நாட்டுக் கெண்டை என்ன செய்யும் பாவம்.

இறால் பண்ணைக்காரர்களும் வண்ணமீன் கடைக்காரர்களும் வைத்திருக்கிற சொட்டு மருந்து டெஸ்ட் கிட் போதும். ஆக்சிஜன், பிஎச், அம்மோனியா மூன்றும் வாங்குங்கள். ஒரே இடம், ஒரே ஆழம், விடியலுக்கு முன் ஒரு தடவை, மதியம் மூன்றுக்கு ஒரு தடவை. ஒரு வாரம் செய்து இங்கே போடுங்கள்.

பரிசல்_மேட்டூர்

பெரியவர் சொன்னதெல்லாம் சரிங்க ஐயா, ஆனால் ஜிலேபியை ரொம்பத் திட்டாதீர்கள். நானும் இதே தொழில்தான், மேட்டூர் டேம் பக்கம். வெண்கெண்டை போய்விட்டது வருத்தம்தான், ஆனால் ஜிலேபியும் இல்லையென்றால் என் பசங்களுக்குப் பள்ளிக்கூட ஃபீஸ் எங்கிருந்து வரும்? கட்லாவுக்குக் கிடைக்கிற விலையில் பாதிகூடக் கிடைப்பதில்லை, இருந்தாலும் தினமும் கிடைக்கிறது. குஞ்சு விடுகிறார்கள் என்று குறை சொல்கிறீர்கள், அந்தக் குஞ்சு விடாவிட்டால் டேமில் வலை போடுகிற நாங்கள் எல்லாம் திருப்பூர் பனியன் கம்பெனிக்குத்தான் போக வேண்டும்.

எங்கள் ஆட்கள் மேலும் தப்பு இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். முன்னே மூன்று விரல் நுழைகிற கண்ணுள்ள வலை. இப்போது தங்கூசி (மெல்லிய நைலான் இழை) வலை, ஒரு விரல் நுழையாது, பொடியைக்கூட விடுவதில்லை. அப்புறம் தோட்டா, அதாவது தண்ணீரில் வெடி போடுவது. பாறை மடுவில் ஒன்றைப் போட்டால் மிதப்பது பத்து கிலோ, அடியில் தங்கி அழுகுவது எவ்வளவு என்று யாருக்குத் தெரியும். நான் சின்னப் பையனாக இருந்தபோது ஒருத்தருக்கு முழங்கைக்குக் கீழே போனதைப் பார்த்திருக்கிறேன். அவர் அப்புறம் டீக்கடை வைத்தார்.

கதவணையில் வருடத்துக்கு ஒரு தடவை பராமரிப்புக்கு என்று தண்ணீரை முழுசாகத் திறந்துவிடுவார்களே, அதை ஏன் யாரும் சொல்லவில்லை? பூலாம்பட்டிப் படகு நின்றுவிடும், பாறையெல்லாம் தெரியும், ஊரே கூடையும் கொசுவலையும் எடுத்துக்கொண்டு இறங்கும். திருவிழா மாதிரி இருக்கும், நானும் போயிருக்கிறேன், பொய் சொல்ல மாட்டேன். மடுவில் ஒதுங்கி நிற்கிற தாய் மீன் எல்லாம் அன்றைக்கே காலி. ஒரு நாலு ஆழமான மடுவை மட்டும் தொடாமல் விட்டால்கூடப் போதும் என்று எனக்குத் தோன்றும். யார் கேட்பது.

கரையோரம்

பரிசல் தம்பி, நீங்கள் சொன்ன மடு விஷயம் நான் எழுதியதில் விட்டுப்போன பெரிய விஷயம். நன்றி. தோட்டா, தண்ணீரில் விஷ மருந்து கலப்பது இரண்டும் 1897ஆம் வருட இந்திய மீன்வளச் சட்டத்திலேயே குற்றம். சட்டத்துக்கு நூற்றி இருபத்தைந்து வயசுக்கு மேல் ஆகிவிட்டது, தோட்டாவுக்கு இன்னும் வயசாகவில்லை.

குஞ்சு விடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எந்தக் குஞ்சு என்பதுதான் கேள்வி. மகசீர் என்ற பெரிய ஆற்று மீனின் கதையைக் கேட்டால் புரியும். காவிரிக்கென்றே ஒரு கூன்முதுகு மகசீர் இருக்கிறது, ஐம்பது கிலோவுக்கு மேல் வளர்கிற ராட்சசன், 1946இல் கபினியில் 120 பவுண்டு மீன் ஒன்று தூண்டிலில் பிடிபட்டது. மகசீர் குறைகிறது என்று நல்ல எண்ணத்தில் மகாராஷ்டிரத்து லோனாவாலாவில் பொரித்த நீலத்துடுப்பு மகசீர்க் குஞ்சுகளைக் காவிரியில் விட்டார்கள். அது பெருகிவிட்டது, எல்லோரும் மகசீர் திரும்பிவிட்டது என்று சந்தோஷப்பட்டார்கள், ஆற்றின் சொந்தக்காரனான கூன்முதுகு மகசீர் ஓரமாகத் தேய்ந்துகொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. அந்தக் கூன்முதுகு மீனுக்குச் சரியான அறிவியல் பெயர் என்ன என்பதே 2018இல்தான் முடிவானது, டோர் ரெமாதேவி. அதே வருடம் மிக ஆபத்தில் இருக்கும் இனம் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் சேர்த்தார்கள். இப்போது நீலகிரிப் பக்கத்து மாயாறு மாதிரி சில இடங்களில்தான் மிச்சம்.

மீன்கடை_ஈஸ்வரி

மகசீர் எல்லாம் இருக்கட்டும், தம்பி கேட்ட சாப்பாட்டுக் கேள்விக்கு ஒருத்தரும் பதில் சொல்லவில்லையே! பவானியில் பன்னிரண்டு வருடமாக மீன்கடை வைத்திருக்கிறேன், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மண் வாடை வந்தால் பயப்பட வேண்டாம். அது பாசியிலிருந்து வருகிற வாடை, மீன் அதைச் செவுள் வழியாக இழுத்துக் கொழுப்பில் சேர்த்து வைத்துக்கொள்ளும். விஷம் இல்லை. எனக்கு மீன் பண்ணைக்காரர் ஒருவர் சொல்லிக்கொடுத்தார், உயிர் மீனை நாலைந்து நாள் நல்ல தண்ணீரில் விட்டு வைத்தால் வாடை போய்விடும். அதற்கு வசதி இல்லையென்றால் புளிக்கரைசலில் அரை மணி நேரம் ஊறவைத்துக் கழுவுங்கள். அந்த வாடையைப் புளிப்பு முறித்துவிடும். நம் பாட்டிகள் ஆற்று மீன் குழம்புக்குப் புளியைத் தாராளமாக விட்டது சும்மா இல்லை. வயிற்றோரத் தோலையும் கொழுப்பையும் எடுத்துவிட்டால் இன்னும் நல்லது.

சாக்கடைக் கிருமிக்குக் கொதிக்கிற குழம்பு போதும். கழுவும்போதுதான் கவனம், மீன் அறுத்த கத்தியாலேயே வெங்காயம் நறுக்காதீர்கள். ஆனால் சாயத்தண்ணீர் வேறு விஷயம். ஈயம், குரோமியம் மாதிரி உலோகங்கள் எவ்வளவு கொதித்தாலும் போகாது. அவை செவுளிலும் ஈரலிலும் குடலிலும் அதிகமாகச் சேரும், சதையில் குறைவு. அதனால் குடல், செவுள் எல்லாவற்றையும் சுத்தமாக எடுத்துவிட வேண்டும், சினை ருசியாக இருக்கிறது என்று சந்தேகமான இடத்து மீனில் ஆசைப்படக் கூடாது. சாயப்பட்டறை ஓடை கலக்கிற இடத்துக்குக் கீழே பிடித்த மீனை நான் கடையில் வாங்குவதே இல்லை. கொண்டுவருகிறவர் முகத்தைப் பார்த்தே எங்கே பிடித்தது என்று சொல்லிவிடுவேன். உங்கள் ஊர் அதற்கெல்லாம் மேலே இருக்கிறது, அந்த வகையில் பரவாயில்லை.

செத்து மிதந்த மீனை மட்டும் எந்தக் காரணத்துக்கும் சாப்பிடாதீர்கள், விற்காதீர்கள். கோடையில் முதல் மழை பெய்ததும் ஓடையில் தேங்கி நின்றதெல்லாம் அடித்துக்கொண்டு வந்து மீன் மிதக்கும். அன்றைக்கு மலிவாகக் கொண்டுவந்து நீட்டுவார்கள். செவுளைத் தூக்கிப் பாருங்கள், வெளிறியோ பழுப்பாகவோ இருந்தால் போகச் சொல்லிவிடுங்கள்.

அம்மாபேட்டையான்

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ஈஸ்வரி அக்கா, புளிக்கரைசல் வேலை செய்தது. அம்மா "இதைச் சொல்ல உனக்கு இன்டர்நெட்டா வேண்டும்" என்று திட்டினார்.

கரையோரம் ஐயா, கிட் வாங்கி ஏழு நாள் பார்த்தேன். நீங்கள் சொன்ன மாதிரியேதான். விடியலில் ஆக்சிஜன் வண்ண அட்டையில் 2க்கும் 4க்கும் நடுவில், ஒருநாள் மட்டும் 2க்குப் பக்கத்தில். மதியம் மூன்று மணிக்கு அட்டையின் கடைசி நிறம், அதற்கு மேல் அதில் அளவே இல்லை. பிஎச் காலையில் எட்டுக்குக் கீழே, மதியம் ஒன்பதைத் தொட்டது. கதவணைக்குக் கீழே தண்ணீர் விழுந்து நுரைக்கிற இடத்தில் காலையிலும் ஆக்சிஜன் நன்றாக இருந்தது, கெளுத்தி நாலு விழுந்ததும் அங்கேதான். அப்பாவிடம் காட்டினேன், "இதை மீன் மூஞ்சியைப் பார்த்தே சொல்லுவேன், விடியக்காலையில் மேலே வந்து வாயைப் பிளக்குமே" என்றார். சரி, முப்பத்தைந்து வருட அனுபவம் என் கிட்டுக்குத் தோற்காது.

ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன். தினமும் என்ன மீன், எத்தனை, எந்த இடம். விழாத மீனுக்கும் ஒரு பத்தி. அது தினமும் காலியாகவே இருக்கிறது.

காவேரிக்கரை_கபாலி

நான் சொன்னதும் சரிதானே, பாசி எதனால் வருகிறது? சாக்கடையும் உரமும் கலந்துதானே?

கரையோரம்

சரிதான் கபாலி, சாக்கடையும் வயலில் போட்ட உரமும் சேர்ந்துதான் பாசிக்குச் சாப்பாடு. மேட்டூர் நீர்த்தேக்கத்தில் பண்ணவாடிப் பக்கம் பச்சைப் படலம் நாறி, அதன் மேல் நுண்ணுயிர்க் கரைசல் தெளித்தார்களே, அதே பாசிதான். நான் சொல்வது ஒன்றுதான், நாளைக்கே சாக்கடை நின்றாலும் தேங்கிய தண்ணீரில் அரிஞ்சான் வராது. ஓட்டமும் வேண்டும்.

அம்மாபேட்டையான் (ஜூன் கடைசி வாரம்)

மேட்டூரில் தண்ணீர் திறந்து இரண்டு வாரம் ஆகிறது. வார விடுமுறைக்கு ஊருக்கு வந்தேன். இன்று காலை வலையில் வெள்ளி மாதிரி ஒரு கெண்டை, முக்கால் கிலோ இருக்கும். வாய் சின்னது, செதில் ஒரே வெண்மை. அப்பா பரிசலிலேயே எழுந்து நின்றுவிட்டார், கவிழ்ந்திருப்போம். வெண்கெண்டையா இது? படம் போட்டிருக்கிறேன்.

கரையோரம்

படத்தில் துடுப்பு மடங்கியிருக்கிறது. மிர்காலும் வெண்கெண்டையும் அண்ணன் தம்பி மாதிரி, பார்த்தவுடன் சொல்ல முடியாது. முதுகுத் துடுப்பை விரித்து அதில் நுனி கிளைவிட்டிருக்கும் முள்களை மட்டும் எண்ணுங்கள். வெண்கெண்டைக்கு 14 அல்லது 15 இருக்கும், துடுப்பும் உயரமாக இருக்கும். மிர்காலுக்கு 12 அல்லது 13.

அம்மாபேட்டையான்

மூன்று தடவை எண்ணினேன். அப்பாவும் கண்ணாடி போட்டுக்கொண்டு எண்ணினார். பதின்மூன்று.

குழம்புக்குப் போய்விட்டது.

பரிசல்_மேட்டூர்

விடுங்கள் தம்பி, மிர்காலும் ருசிதான். இங்கே இரண்டு நாளாக அடிப்பாலாறு பக்கம் புதுத் தண்ணீர் வருகிறது, நாளை விடியலில் அங்கேதான் போகிறேன். வெள்ளையாக ஏதாவது விழுந்தால் துடுப்பை எண்ணிவிட்டுச் சொல்கிறேன். பெரிய கண் வலைதான், ஐயா திட்ட வேண்டாம்.